சிவப்பு அப்படித்தான் இருக்கும் என்று நான் சொன்ன நாள்

திரைகளைச் சரிபார்க்கச் சோதனைப் படம் போடும் பெட்டியை இயக்கப் பழக உங்களுக்கு ஒரு காலைப்பொழுது போதும். எந்தப் பொத்தானை அழுத்தினால் வண்ணப் பட்டைகள் வரும், எங்கே போய் நிற வடிவத்தை மாற்றலாம் என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. அதை நான் எழுதப் போவதில்லை. பல்லேகலையில் நம்முடைய வேலைத்தலத்தில் எனக்குப் பிரியாவிடை வைத்த அன்று, புதிதாகச் சேர்ந்த உங்களில் ஒருவர் கேட்டார்: "சேர், இத்தன வருஷத்துல நீங்க செஞ்ச பெரிய பிழை எது?" என் கையில் கேக் துண்டு இருந்தது, சுற்றி எல்லோரும் நின்றார்கள். சிரித்துச் சமாளித்துவிட்டேன். கேட்டவர் முகம் வாடியதைக் கவனித்தேன். அவருக்கும் உங்கள் எல்லோருக்கும் இப்போது பதில் சொல்கிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒன்று. எனக்குப் பிறவியிலேயே சிவப்பு சரியாகத் தெரியாது. உலகமே கறுப்பு வெள்ளையாகத் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். நீலம் தெரியும், மஞ்சள் நன்றாகவே தெரியும். சிவப்பு மட்டும் என் கண்ணுக்கு வரும்போது ஒளி போய், அழுக்குப் பழுப்பாக நிற்கும். கறுப்புப் பின்னணியில் இருந்தால் பாதி அந்தக் கறுப்போடு கலந்துவிடும். ரம்புட்டான் வாங்கப் போனால் எது பழம், எது காய் என்று என் மனைவிதான் சொல்ல வேண்டும். நான் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

இப்படி ஒரு கண்ணை வைத்துக்கொண்டு வீடியோ வேலையில் எப்படி நின்றீர்கள் என்று கேட்பீர்கள். ஹுன்னஸ்கிரியவிலிருந்து வந்து நான் சேர்ந்தது கம்பி இழுக்கிற ஆளாக. கம்பிக்கு நிறம் பார்க்க வேண்டிய இடத்தில் எண் ஒட்டி வைத்துக்கொண்டேன். பிறகு திரைகளைச் சரிபார்க்கும் வேலைக்கு ஏற்றினார்கள். அங்கே நிறத்தை அளந்து காட்டும் கருவி இருந்தது. வட்டத்துக்குள் ஆறு புள்ளிகள் தெரியும், ஒவ்வொன்றும் தன் கட்டத்துக்குள் விழுந்தால் நிறம் சரி. கண்ணை நம்ப வேண்டிய தேவையே இல்லை. மற்றவர்கள் தலையைச் சாய்த்து, "கொஞ்சம் சிவப்பு கூடிப் போச்சோ?" என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது நான் அளவைச் சொல்லிவிடுவேன். கருவியைப் பார்த்து வேலை செய்கிற நிதானமான ஆள் என்று எனக்குப் பெயர் வந்தது. ஒருவரும் என் கண்ணைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வருஷங்கள் ஓடிவிட்டன.

இனி நடந்ததைச் சொல்கிறேன். ஓய்வு பெறுவதற்குச் சில வருஷம் முன்பு, கண்டியில் ஒரு வைத்தியசாலையில் புதிய சத்திரசிகிச்சைக் கூடம் கட்டினார்கள். எல்லோரும் சொல்வதுபோல நானும் தியேட்டர் என்றே சொல்கிறேன். அதன் சுவரில் ஒரு பெரிய திரை வைக்கும் வேலை நமக்குக் கிடைத்தது. வயிற்றுக்குள் விடும் கமராவின் படம் அதில் பெரிதாக வரும். பக்கத்திலேயே நோயாளியின் மொனிட்டரில் ஓடும் கோடுகளும் வரும். இதயத் துடிப்புக்குப் பச்சைக் கோடு, நாடிக்குள் ஊசி வைத்து அளக்கும் இரத்த அழுத்தத்துக்குச் சிவப்புக் கோடு. கறுப்புப் பின்னணியில் நூல் நூலாக ஓடும் கோடுகள். மயக்க மருந்து கொடுக்கும் டொக்டருக்கு அருகில் சின்ன மொனிட்டர் இருக்கிறது. ஆனால் அவர் நோயாளியின் மறுபக்கம் போய்விட்டால் சின்னது தெரியாது. அப்போது அவருக்குப் பெரிய திரைதான் கதி.

திறப்பு நாளைக்கு என்று இருக்கும்போது திரை கண் சிமிட்டத் தொடங்கியது. சில நிமிஷத்துக்கு ஒரு தடவை படம் ஒரு கணம் கறுத்துப்போய்த் திரும்பி வந்தது. காரணம் எனக்குத் தெரிந்தது. கூரைக்கு மேலே குழாய் போகும் வழியை மாற்றிவிட்டார்கள், அதனால் கேபிள் திட்டத்தில் இருந்ததைவிட நீண்டுவிட்டது. அத்தனை நீளத்துக்கு அத்தனை பாரமான படத்தை அதனால் தாங்க முடியவில்லை. மறுநாள் காலை எட்டு மணிக்கு முதல் நோயாளி. வேறு கேபிள் கொழும்பிலிருந்து வர வேண்டும், அதற்கு ஒரு கிழமையாகும்.

நான் நிற வடிவத்தை 4:4:4 இலிருந்து 4:2:0 க்கு மாற்றினேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் வெளிச்சம் எவ்வளவு, நிறம் என்ன என்று இரண்டு செய்தி போகிறது. 4:4:4 என்றால் எல்லாப் புள்ளிக்கும் இரண்டும் முழுதாகப் போகும். 4:2:0 என்றால் வெளிச்சம் முழுதாகப் போகும், நிறம் மட்டும் நாலு புள்ளிக்கு ஒன்றுதான், அதை அவை பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். பாரம் பாதியாகிவிடும். வீட்டில் நாம் பார்க்கும் சினிமா எல்லாம் இப்படித்தான் வருகிறது, யாரும் குறை சொன்னதில்லை.

சிமிட்டல் நின்றது. வண்ணப் பட்டைகளைப் போட்டுப் பார்த்தேன். ஆறு புள்ளியும் கட்டத்துக்குள் கச்சிதமாக விழுந்தன. வேலை முடிந்ததற்கான படிவத்தில் கையெழுத்துப் போட்டு, வைத்தியசாலை நிர்வாகியிடம் கொடுத்துவிட்டு, பகல் சாப்பாட்டுப் பொதியை அவிழ்த்தேன்.

சாப்பிட்டு முடித்துத் திரும்பி வந்தபோது தியேட்டருக்குப் பொறுப்பான தாதி நஸீமா திரைக்கு முன்னால் நின்றார். அக்குறணையைச் சேர்ந்தவர், 'இருக்குது' அவர் வாயில் 'ஈக்குது' என்று வரும். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது குறைந்தவர். பயிற்சிக்காக மொனிட்டரில் இருக்கும் மாதிரிக் கோடுகளை ஓடவிட்டிருந்தார்.

"அண்ணே, இந்த ரெட் லைன் ஏன் இப்படி ஈக்குது?"

"எப்படி மிஸ்?"

"சின்ன மொனிட்டர்ல பளிச்சின்னு ஈக்குது. இதுல பாருங்க, காய்ஞ்ச ரத்தம் மாதிரி. ஓரமெல்லாம் கரைஞ்சி போய் ஈக்குது."

சின்ன மொனிட்டரைப் பார்த்தேன். இருண்ட கோடு. பெரிய திரையைப் பார்த்தேன். அங்கேயும் இருண்ட கோடு. எனக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

"சிவப்பு அப்படித்தான் இருக்கும் மிஸ்," என்றேன். "கறுப்புல போட்டா மங்கலாத்தான் தெரியும்."

நான் பொய் சொல்லவில்லை. என் கண்ணுக்கு வாழ்நாள் முழுக்க அப்படித்தான் இருந்திருக்கிறது. நஸீமா சின்ன மொனிட்டரைப் பார்த்தார், பெரிய திரையைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"இல்லண்ணே. அப்படி இல்ல."

நான் கருவியைத் திருப்பிக் காட்டினேன். "இங்க பாருங்க, எல்லாம் சரின்னு காட்டுது."

"அது சரின்னு செல்லட்டும். நாளைக்கு ஆளுக்குப் பிரஷர் எறங்கினா டொக்டர் பாக்கப்போறது உங்கட கருவியயா, இந்தக் கோட்டயா?"

அந்த நேரம் பார்த்து மயக்க மருந்து டொக்டர் உள்ளே வந்தார். நாங்கள் பேசியது எதுவும் அவருக்குத் தெரியாது. மறுநாள் எங்கே நிற்பது, எங்கிருந்து எது தெரியும் என்று பார்க்க வந்தவர். கட்டிலைச் சுற்றி மறுபக்கம் போய் நின்று பெரிய திரையை நிமிர்ந்து பார்த்தார். "ரத்து இர கோ?" என்றார். சிவப்புக் கோடு எங்கே என்று சிங்களத்தில் கேட்டார். குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று தேடுகிறவரின் குரல்.

இரண்டு பேர். ஒருவருக்கு மங்கலாகத் தெரிகிறது, மற்றவருக்கு அது இருப்பதே தெரியவில்லை. எனக்கு மட்டும் எல்லாம் சரியாக இருக்கிறது.

வெளியே நடைபாதைக்கு வந்து நம் தலைமைப் பொறியாளருக்கு போன் எடுத்தேன். பெயர் சொல்வதை அவர் விரும்ப மாட்டார், ஆகவே விட்டுவிடுகிறேன். யாழ்ப்பாணத்துக்காரர். கூட்டம் ஒன்றுக்குக் கொழும்பு போய் ரயிலில் திரும்பி வந்துகொண்டிருந்தார்.

"சேர், பெரிய திரையில சிவப்பு மங்குதுன்னு சொல்றாங்க."

"பட்டை போட்டுப் பாத்தனீரே?"

"போட்டேன் சேர். எல்லாம் கட்டத்துக்குள்ள இருக்கு."

"பட்டை அகலமப்பா. அதில பிடிபடாது. அந்தக் கோட்டைப் பாத்துச் சொல்லும். உம்மடை கண்ணுக்கு எப்பிடித் தெரியுது?"

இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் நேராகக் கேட்டதில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு சொன்னேன்.

"சேர், என் கண்ணுக்குச் சிவப்பு தெரியாது. பொறந்ததுல இருந்தே தெரியாது."

"சேர்?" என்றேன். "ஹலோ?" தொடர்பு அறுந்திருந்தது.

அந்த இரண்டு மூன்று நிமிஷத்தை நான் மறக்க மாட்டேன். கேட்டுவிட்டு வைத்துவிட்டாரா, கேட்கவே இல்லையா? வீட்டுக் கடன், மகளின் படிப்பு, ஓய்வுக்கு இன்னும் எத்தனை வருஷம் என்றெல்லாம் மனம் ஓடியது. போன் அடித்தது.

"கடுகண்ணாவைச் சுரங்கத்துக்கை போயிட்டுது. இன்னும் இரண்டு மூண்டு வரும். பட்டை சரியெண்டு சொன்னனீர். பிறகு என்ன சொன்னனீர்?"

அவருக்குக் கேட்கவில்லை.

பிள்ளைகளே, இந்த இடத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று இதை எழுத உட்கார்ந்தேன். சொன்ன சொல் திரும்பி என் வாய்க்குள்ளேயே வந்துவிட்டது. "நல்லாத்தான் தெரியுது சேர், அவங்கதான் ஏதோ சொல்றாங்க" என்றால் போதும். அவர் என்னை நம்புவார். படிவத்தில் என் கையெழுத்து இருக்கிறது, கருவியும் என் பக்கம். ஒரு தாதியின் பேச்சை யார் எடுக்கப் போகிறார்கள்?

கதவின் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தேன். நஸீமா ஒரு தாளில் பேனையால் (சிவப்பு என்று பிறகு சொன்னார்) கோடு போட்டு, அதைத் திரையில் ஓடும் கோட்டுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வேலையை அவர் செய்துகொண்டிருந்தார்.

இரண்டாவது தடவையும் சொன்னேன்.

"எப்பவிருந்து?"

"பொறந்ததுல இருந்து சேர்."

"இருபத்தாறு வருஷம் என்னோடை நிண்டனீர்."

"ஆமா சேர்."

பிறகு, "சரி. அது பிறகு," என்றார். "இப்ப உமக்குப் பக்கத்தில கண் தெரிஞ்ச ஆள் ஆர் நிக்கினம்?"

"தாதி மிஸ் நிக்கிறாங்க."

"ஸ்பீக்கரில போடும். அடுத்த சுரங்கம் வாறதுக்கிடையில முடிப்பம்."

அவர் சொல்லச் சொல்ல நான் புதிய சோதனைப் படம் ஒன்றைச் செய்தேன். கறுப்புப் பின்னணியில் ஒரே ஒரு புள்ளி அகலத்தில் ஒரு சிவப்புக் கோடு. பக்கத்தில் அதே அகலத்தில் பச்சை ஒன்று, நீலம் ஒன்று. கீழே நீலத்தின் மேல் சிவப்பில் சின்ன எழுத்துகள். முதலில் கூரைக் கேபிள் இல்லாமல், சின்னக் கம்பியால் பெட்டியைத் திரைக்கு நேரே கொடுத்தேன்.

"இப்ப பளிச்சின்னு ஈக்குது," என்றார் நஸீமா. "எழுத்தும் வாசிக்க ஏலும்."

கூரைக் கேபிள் வழியாகக் கொடுத்தேன்.

"போச்சு. சிவப்பு செத்துப்போச்சு, நீலமும் மங்கல். பச்சைக்கு ஒண்ணும் ஆகல்ல. எழுத்த வாசிக்க ஏலா."

"ஓம், அதுதான்," என்றார் பொறியாளர்.

பச்சைக்குள் வெளிச்சம் நிறைய இருக்கிறது, வெளிச்சம் முழுதாகப் போவதால் அது தப்பித்துவிடும். நீலத்தைப்போலச் சிவப்பிலும் வெளிச்சம் குறைவு, நிறத்தை நம்பித்தான் அது நிற்கிறது. அந்த நிறத்தையும் பக்கத்துக் கறுப்புப் புள்ளிகளோடு பங்கு போட்டால் மெல்லிய கோட்டுக்கு என்ன மிஞ்சும்? நான் போட்டுப் பார்த்த பட்டைகளோ ஒரு சாண் அகலம். பக்கத்தில் இருப்பதும் அதே நிறம், பங்கு போட்டாலும் நட்டமில்லை. தோற்கவே முடியாத ஒரு சோதனையை வைத்து, வென்றுவிட்டதாகக் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் கேபிள் அதே கேபிள்தான். நிறத்தை முழுதாக அனுப்பினால் வேறு எதையாவது விட வேண்டும். ஒன்று, படம் ஓடும் வேகத்தைப் பாதியாக்கலாம். அல்லது, வேகத்தை விட்டுவிட்டு நுணுக்கத்தைக் குறைக்கலாம், 4K ஐ விட்டு அதற்குக் கீழே இறங்கலாம்.

"எதை விடலாம் சேர்?"

"அதை நீரும் நானும் முடிவெடுக்கேலாது. அந்தத் திரையைப் பாத்து ஆர் வேலை செய்யினமோ அவையைக் கே..." அவ்வளவுதான். ரயில் அடுத்த சுரங்கத்துக்குள் போய்விட்டது.

டொக்டரிடம் போய் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். பிழை என்னுடையது என்றும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "சொல்ல வேண்டாம், காட்டு," என்றார். இரண்டையும் காட்டினேன். வேகத்தைக் குறைத்ததும் நஸீமா கமராவைக் கையில் எடுத்து அசைத்துப் பார்த்தார். படம் கைக்குப் பின்னால் இழுபட்டுக்கொண்டு வந்தது. "இதை வைத்துக்கொண்டு ஒருவரும் வெட்ட முடியாது," என்றார் டொக்டர். அடுத்து நுணுக்கத்தைக் குறைத்து, நிறத்தை முழுதாக விட்டேன். அவர் கட்டிலின் மறுபக்கம் போய் நின்றார், குனிந்தார், நிமிர்ந்தார், வாசலுக்குப் பக்கத்தில் போய் நின்றும் பார்த்தார். "மேக்க ஹொந்தய்," என்றார். இது நல்லது.

நிர்வாகிக்குத்தான் மனமில்லை. திறப்பு விழா அழைப்பிதழில் 4K திரை என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். "நாளைக்கு நோயாளி அழைப்பிதழ் வாசிக்க வரவில்லை," என்று டொக்டர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

காலையில் கொடுத்த படிவத்தைத் திரும்ப வாங்கி என் கையெழுத்தை வெட்டினேன். எதை விட்டுக்கொடுத்திருக்கிறோம், ஏன், எப்போது திருத்துவோம் என்று புதிதாக ஒன்று எழுதினேன். பரிசோதித்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதி, அதற்குக் கீழே நஸீமாவிடம் கையெழுத்துக் கேட்டேன்.

"நான் என்னத்த அண்ணே டெஸ்ட் பண்ணின?"

"சிவப்ப நீங்கதான் பாத்தீங்க மிஸ். எனக்கு அது தெரியாதுங்க."

அவருக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது. சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். "அப்ப இவ்வளவு நாளும் நீங்க கண்ட சிவப்பு எது?" என்று நிஜமான ஆச்சரியத்தோடு கேட்டார். நான் படிவத்தை அவர் பக்கம் தள்ளினேன். பேனையை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

தலைமைப் பொறியாளர் கண்டி ஸ்டேஷனில் இறங்கி, வீட்டுக்குப் போகாமல் பையோடு நேராக வைத்தியசாலைக்கு வந்தார். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. திரையைப் பார்த்தார், படிவத்தை இரண்டு தடவை வாசித்தார். வாசலுக்கு நடந்து போகும்போதுதான் பேச்சை எடுத்தார்.

"முதலே சொல்லியிருக்கலாம்."

"வேலை போயிடும்னு பயம் சேர்."

"போயிருக்கும்தான்," என்றார். "அந்த நாளையில சொல்லியிருந்தா நான் உம்மை இந்த வேலைக்கு எடுத்திருக்க மாட்டன். அது என்ரை பிழை. ஒரு நல்ல ஆளை இழந்திருப்பன்." அவர் கையிலிருந்த பையை நான் வாங்கிக்கொண்டேன். "இனி நீர் கருவியைப் பாரும். கண்ணுக்கு இன்னொரு ஆளை வைப்பம்."

அடுத்த கிழமை புதிய கேபிள் வந்தது, நிர்வாகிக்கு அவருடைய 4K யும் கிடைத்தது. நம் படிவத்தில் இரண்டாவது கையெழுத்துக்கு ஓர் இடம் இருக்கிறதே, அதில் திரையைப் பயன்படுத்துகிறவர்தான் கையெழுத்திட வேண்டும் என்ற விதி அந்த வாரம் வந்தது. அதை ஒரு சடங்காக நினைத்து, கேண்டீனில் யாரையாவது பிடித்துக் கையெழுத்து வாங்கிவிடாதீர்கள். ஒருவர் உங்களிடம் வந்து "இது சரியில்லை" என்று சொன்னால், உங்களுக்கு அது தெரியாமல் இருப்பது அவர் சொல்வது பொய் என்பதற்குச் சாட்சி ஆகாது. உங்களில் யாருக்காவது என்னைப்போல் ஒரு குறை இருக்கலாம். காதில் இருக்கலாம், கையில் இருக்கலாம். முதல் கிழமையிலேயே சொல்லிவிடுங்கள். நான் சொன்ன பிறகு வந்த வருஷங்கள்தான் இந்த வேலையில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்த வருஷங்கள். எந்தத் திரைக்கு முன்னால் நின்றாலும் பக்கத்தில் நிற்பவரிடம் "சிவப்பு எப்படி இருக்கு?" என்று வாய்விட்டுக் கேட்பேன். ஒவ்வொருவரும் அதற்கு ஒரு பதில் வைத்திருந்தார்கள். தொழிலில் பாதியை நான் அந்தப் பதில்களிலிருந்துதான் கற்றேன்.

திறப்பு நாள் காலையைச் சொல்லாமல் விட்டேன். ஏதாவது பிசகினால் பார்க்க ஓர் ஆள் நிற்க வேண்டும் என்றார்கள். எனக்கும் பச்சை அங்கியும் தொப்பியும் கொடுத்து, கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிறுத்தினார்கள். முதல் நோயாளியை உள்ளே கொண்டுபோனார்கள். கெலிஓயாவிலிருந்து வந்த ஒரு அம்மா. அவருடைய மகன் கீழே காத்திருந்தார். வெகுநேரம் எல்லோரும் குனிந்த தலையாகவே வேலை செய்தார்கள். ஒரு கட்டத்தில் மயக்க மருந்து டொக்டர் எழுந்து, குழாய் ஒன்றைச் சரிசெய்யக் கட்டிலின் மறுபக்கம் போனார். அங்கிருந்து அவருக்குச் சின்ன மொனிட்டர் தெரியாது. அவர் கையை எடுக்காமலே தலையை மட்டும் நிமிர்த்திப் பெரிய திரையைப் பார்த்தார். ஒன்று என்று எண்ணி முடிக்கும் நேரம்கூட இராது. பிறகு மறுபடி அந்த அம்மாவின் பக்கம் குனிந்துகொண்டார்.